சி டிரைவ் நீலமான வெள்ளிக்கிழமை

முன்வாசலைத் தாண்டி மணமேடைப் பக்கம் திரும்புகிற இடத்தில் மண்டபம் அசையாமல் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை பதினொன்றே கால். சாலை ரோட்டில் தன் ஆபீசில் உட்கார்ந்து இன்ஜினியர் ஸ்டான்லி ஆன்லைனில் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்த அப்துல் கையூம் பாய். கல்யாண மண்டபம் அவருடையது. கட்டப்போகிறவர் ஸ்டான்லி. கம்ப்யூட்டரில் அதை வரைந்தவள் நான், பிரிஸ்கில்லா. மரியநாதபுரத்தில் என் வீட்டு ஹாலில், இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், நிக்கிது," என்றார் ஸ்டான்லி.

"ஒரு நிமிஷம் சார்."

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, வரைகிற மென்பொருள் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். அதே வாசல், அதே திருப்பம், மறுபடி மூடிக்கொண்டது. மூன்றாவது முறை திறக்கப் போனபோது அவர் தடுத்தார்.

"விடுங்க மேடம். ஒம்பது வருஷம் வீட்ல இருந்துட்டீங்க. இம்புட்டுப் பெரிய ஃபைல்லாம் உடனே கைக்கு வராது. சின்ன வீட்டு பிளான் ஏதாச்சும் வந்தாச் சொல்றேன்."

"செத்த நேரம் பாப்பமே தம்பி," என்று கையூம் பாயின் குரல் கேட்டது. "நான் நாலு மணி வரைக்கும் இந்த ஊர்லதான இருக்கேன்."

"சரி மேடம், சரியானாக் கூப்பிடுங்க," என்று ஸ்டான்லி இணைப்பைத் துண்டித்தார். சரியாகும் என்று அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

இந்த மண்டபம்தான் எனக்கு வைத்த பரீட்சை. இது தேறினால் அவர் ஆபீசுக்கு வருகிற வேலையில் பாதி என் வீட்டுக்கு வரும். சிவில் டிப்ளமோ முடித்து நான்கு வருடம் வேலை பார்த்தவள், மகள் பிறந்ததும் விட்டேன். ஒன்பது வருடம் கழித்து முதல் தடவையாக ஒருவர் என்னை நம்பி ஒரு கட்டடத்தைக் கொடுத்திருந்தார். அதை அவர் கண் முன்னாலேயே இரண்டு முறை கவிழ்த்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதலில் என் மேலேயே வந்தது. ஏனென்றால் சனிக்கிழமையும் இந்த ஃபைல் இதே மாதிரி இரண்டு முறை மூடிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் அப்போது டீ தம்ளரோடு எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பது வருஷம் ஆச்சுல்ல பிரிசி. டச் விட்டுப்போச்சு. பழகப் பழக வந்துரும்," என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். நானும் நம்பினேன். எதையோ தப்பாகத் திறக்கிறேன், எங்கேயோ ஒரு கோட்டை இரண்டு தடவை போட்டிருக்கிறேன் என்று என்னையே சந்தேகப்பட்டு, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேடினேன். கடைசியில் மண்டபத்தில் போட்டிருந்த எண்ணூறு நாற்காலிகளையும் அழித்துப் பார்த்தேன். அழித்ததும் ஓடியது. அப்படியானால் தப்பு நான் வரைந்ததில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்க்கத்தான் கையூம் பாய் வருகிறார், நாற்காலி இல்லாத மண்டபத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். வாசல் வரைக்கும் ஒரு தடவை ஓடிக் காட்டியது. அந்தத் தைரியத்தில்தான் திங்கட்கிழமை உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பன்னிரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம், அதற்கு அன்பியம் என்று பெயர். அன்றைக்கு இஞ்ஞாசி அண்ணன் வீடு. அவர்தான் அன்பியத் தலைவர், மெயின் ரோட்டில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறார். பைபிள் வாசகம் முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் வேண்டுதலைச் சத்தமாகச் சொல்வார்கள், மற்றவர்கள் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்வார்கள். ஒருவர் பேரனின் காய்ச்சலுக்காக மன்றாடினார். ஒருவர் மழைக்காக. அடுத்து பெலிக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"என் மனைவி பிரிஸ்கில்லா திரும்பவும் வேலைக்கு முயற்சி செய்கிறாள். அவளுடைய பழைய திறமையும் கைப்பழக்கமும் அவளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்."

பன்னிரண்டு குடும்பமும் பதில் சொன்னது. என் கைக்காக. எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் பாவம், எனக்காகத்தானே கேட்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து பதில் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறாத இடம் அதுதான்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஸ்டான்லி வைத்த பிறகு திரையை வெறித்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் மூடிய இடத்துக்குப் பின்னால், சனிக்கிழமை வராத ஒரு சின்னப் பெட்டி நின்றிருந்தது. கம்ப்யூட்டரில் மெமரி போதவில்லை, மற்ற ப்ரோக்ராம்களை மூடுங்கள் என்று எழுதியிருந்தது.

மெமரி போதவில்லையா? போன செவ்வாய்க்கிழமை அரை நாள் செலவழித்து நான் அதைத்தானே சரி செய்தேன்?

எங்கள் கம்ப்யூட்டரில் ராம் எட்டு ஜிபிதான். சாதாரண வீட்டு வேலைக்குப் போதும், எண்ணூறு நாற்காலி போட்ட மண்டபத்துக்குப் போதாது. போதாதபோது மெஷின் என்ன செய்யும் என்றால், சேமிப்பு வட்டில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டு அதையும் மெமரி மாதிரி வைத்துக்கொள்ளும். அதுதான் விர்ச்சுவல் மெமரி. வீட்டில் விசேஷம் வந்தால் அடுப்பு மேடை கொள்ளாது. பக்கத்து அறையில் பாய் விரித்து நறுக்கினதையும் ஆக்கினதையும் அதில் வைத்துக்கொண்டுதானே சமைக்கிறோம்? அந்தப் பாய் மாதிரி.

எவ்வளவு பெரிய பாய் என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடலாம். முதலில் அப்படித்தான் விட்டேன். ஆனால் மண்டபத்தைத் திருப்பும்போது மெஷின் பாதி வழியில் நின்று இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. ஆள் முன்னால் காட்டும்போது அப்படி நின்றால் எனக்குத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள். டி டிரைவுக்கு மாற்றிப் பார்த்தேன். அது பழைய ஹார்ட் டிஸ்க், மண்டபம் விக்கி விக்கித் திரும்பியது. சி டிரைவ் வேகமான புது வட்டு, ஆனால் மொத்தமே நூற்றிருபது ஜிபி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி எவ்வளவு கேட்கிறது என்று குறித்தேன். பத்தொன்பது ஜிபி வரை போனது. எட்டு போக மீதி பதினொன்று, அவசரத்துக்குக் கொஞ்சம் கூட வைத்து, சி டிரைவில் பதினாறு ஜிபி என்று முடிவு செய்தேன். எம்பி கணக்கில் தொடக்க அளவும் 16384, அதிகபட்ச அளவும் 16384. நடுவில் நின்று பெரிதாக்க வேண்டிய வேலையே இல்லை. மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மண்டபம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. பங்குக் கோயில் காலண்டரில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் '16384' என்று எழுதி வைத்தேன். மூன்று வழியையும் பார்த்து நானே தேர்ந்தெடுத்த எண் அது. அன்று மத்தியானம் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

திங்கட்கிழமை அந்த ஜன்னலைத் திறந்தேன். 'நோ பேஜிங் ஃபைல்' என்ற இடத்தில் புள்ளி இருந்தது. மொத்தம்: பூஜ்யம்.

யாரோ என் பாயைச் சுருட்டி வெளியே போட்டிருந்தார்கள். தானாக மாறுகிற விஷயம் இல்லை இது. ஐந்து ஜன்னல் உள்ளே போக வேண்டும், கடைசியில் மெஷின் ஒரு எச்சரிக்கை காட்டும், அதற்கும் 'யெஸ்' என்று அழுத்த வேண்டும். வீட்டில் என்னைத் தவிர அதைச் செய்யக்கூடியவர் ஒரே ஒருவர்தான். காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் அவர் கையெழுத்தில் 'வீடு மந்திரிப்பு, காலை 10' என்று இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி: 'சி டிரைவ் க்ளீன், முடிந்தது.'

போன் போட்டேன். பெலிக்ஸ் நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். பின்னால் மெஷின் இரைச்சல் கேட்டது.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல் மெமரியத் தொட்டீங்களா?"

"எத?"

"பேஜிங் ஃபைல். பதினாறு ஜிபி. அத எடுத்தீங்களா?"

இரைச்சல் குறைந்தது, போனோடு வெளியே வந்திருந்தார்.

"அது... ஃபாதர் வாராருன்னு வீட்டச் சுத்தம் பண்ணம்ல பிரிசி. சி டிரைவத் தெறந்தா செவப்புக் கோடு. ஆறு ஜிபிதான் மிச்சம். போன்ல ஒரு வீடியோ பாத்தேன், ஒரே நிமிஷத்துல பதினாறு ஜிபி காலி பண்றது எப்படின்னு. அதுல சொன்ன மாதிரி எடுத்துவிட்டேன். நீலமாயிருச்சு."

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பங்குத்தந்தை வீடு வீடாக வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அதற்கு முன்னால் வீட்டைத் துடைத்துக் கழுவுவது எல்லாரும் செய்வதுதான். பெலிக்ஸ் கொஞ்சம் கூடுதல். ஸ்டோரில் தேவையில்லாத சாமானைக் கழித்துக் கட்டுகிறவர், அலமாரி காலியாகத் தெரிந்தால்தான் அவருக்கு ஒழுங்கு. பரண், கட்டிலடி, குளியலறை மேல்தட்டு என்று எல்லாவற்றையும் காலி செய்தவர் கம்ப்யூட்டரையும் காலி செய்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை நடந்தது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஃபாதர் ஹாலுக்குள் வந்ததும், "ஃபாதர், ஒய்ஃப் திரும்ப வேலைய ஆரம்பிக்கிறா. இந்தக் கம்ப்யூட்டரையும் மந்திரிச்சிருங்க," என்று இவரே கேட்டார். மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது, அதில் டிரைவ்களின் ஜன்னல், நீளமாக நீலக் கோடு. ஃபாதர் சிரித்துக்கொண்டே சிலுவை வரைந்து தீர்த்தம் தெளித்தார். என் புருஷனுக்கு என் வேலை மேல் இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் அதன் மெமரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு அதற்கு ஆசீர்வாதம் கேட்டிருக்கிறார்!

"சரி, தெரியாமப் பண்ணிட்டீங்க," என்றேன். "சனிக்கிழம அது ரெண்டு தடவ மூடுனப்ப பின்னாடி நின்னு பாத்தீங்கள்ல. அப்பவாச்சும் தோணலயா?"

"லேசா டவுட்டு வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"ஒருவேள அதுனாலயோன்னு. சொன்னா நீ சண்டைக்கு வருவ. அப்புறம் நாற்காலிய அழிச்சதும் ஓடுச்சுல்ல, அதான் விட்டுட்டேன்."

"டவுட்டு இருக்கப்பவே டச் விட்டுப்போச்சுன்னு சொன்னீங்களா?"

யாரிடமோ, 'இந்தா வர்றேன்' என்றார். நான் விடவில்லை.

"ஞாயித்துக்கிழம இஞ்ஞாசி அண்ணன் வீட்ல என் பேரச் சொல்லி மன்றாடினீங்களே. அப்பவும் டவுட்டு இருந்துச்சா?"

"நல்லதுக்குத்தான மன்றாடினேன்," என்றார்.

போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மில் முழுக்கக் கேட்டிருக்கும். உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் ஒன்றைக் கெடுப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். இவர் தெரிந்துகொண்டே என் கை மேல் பழியைப் போட்டார். போட்டதோடு விட்டாரா? பன்னிரண்டு குடும்பத்தை முட்டி போட வைத்து அந்தப் பழிக்கு ஜெபம் சொல்ல வைத்தார்.

மணி பன்னிரண்டு. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால், அதற்கும் வழி வைக்கவில்லை. சி டிரைவில் பதினாறு ஜிபி கேட்டேன், இடமில்லை என்றது. இருபத்திரண்டு ஜிபி காலியாக இருக்க வேண்டிய இடத்தில் பதின்மூன்றுதான் இருந்தது. தேடினால், அவர் ஊர்த் திருவிழாவில் மூன்று வருடமாகப் போனில் எடுத்த சப்பர வீடியோக்கள், ஒன்பது ஜிபி, டி டிரைவிலிருந்து இங்கே குடியேறியிருந்தன. இடம் காலியாகக் கிடக்கிறதே என்று கொண்டுவந்து வைத்திருக்கிறார். நீலக் கோடு சிவப்பாகாத அளவுக்கு அளந்து வைத்திருந்தார், ஸ்டோர் கீப்பர் அல்லவா.

டெலீட் விசை மேல் விரலை வைத்தேன். ஷிப்டும் சேர்த்து அழுத்தினால் குப்பைத் தொட்டிக்குக் கூடப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். கேட்காமல் என் சாமானை எறிந்தவர் சாமானைக் கேட்காமல் எறிந்தால் என்ன? நன்றாக எண்ணிப் பத்து விநாடி விரல் அங்கேயே இருந்தது. அப்புறம் அவரைப் போல நான் இல்லை என்பதற்காகவே விரலை எடுத்தேன். எல்லாவற்றையும் டி டிரைவுக்குத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கிழட்டு வட்டு அதை வாங்கிக்கொள்ள அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அது நகர்கிற வரைக்கும் ஹாலில் நடந்துகொண்டே அவரைத் திட்டினேன். வாய்விட்டுத்தான்.

பிறகு உட்கார்ந்தேன். கஸ்டம் சைஸ். 16384. 16384. செட். ஓகே. அணைத்துப் போட்டேன். மண்டபத்தைத் திறந்து வாசலைத் தாண்டி மணமேடைப் பக்கம் திருப்பினேன். எண்ணூறு நாற்காலியோடும் மண்டபம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்டான்லிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நான்கு தடவை போட்டேன். இரண்டு மணிக்கு மெசேஜ் வந்தது: 'வேற ஆள்ட்ட பேசிட்டேன் மேடம். தப்பா நினைக்காதீங்க.'

தப்பாகத்தான் நினைத்தேன். கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். சிபியுவைக் குளிக்கிற துண்டில் சுற்றி, மவுஸைக் கைப்பையில் போட்டு, வீட்டைப் பூட்டி, தெருமுனையில் ஆட்டோ ஏறினேன். பிள்ளையை வைத்திருப்பது போல மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரிப்பேராக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மெஷின் நல்லாருக்கு. ஆளுகதான் ரிப்பேரு. சாலை ரோட்டுக்குப் போங்க."

நான் உள்ளே போனபோது ஸ்டான்லியும் கையூம் பாயும் கிளம்புவதற்காக எழுந்து நின்றிருந்தார்கள். சிபியுவை மேஜை மேல் வைத்தேன், அங்கே விரித்திருந்த தாள்கள் மேலேயே.

"என்ன மேடம் இது? நான்தான் மெசேஜ்..."

"பாத்தேன் சார். அந்த மானிட்டர் வயரக் குடுங்க. அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் யார்கிட்ட வேணும்னாலும் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. நானே எடுத்துச் செருகினேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கையூம் பாய் மட்டும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

வாசல். திருப்பம். மணமேடை. அங்கிருந்து பந்திக் கூடம், பந்திக் கூடத்திலிருந்து பின்பக்கம் சமையல் கொட்டகை. எங்கேயும் நிற்கவில்லை. ஸ்டான்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் மெதுவாக முன்னால் குனிந்தார்.

"இங்க நிறுத்தும்மா," என்றார் கையூம் பாய். "பத்து தேக்சா பிரியாணி வேகும். விறகடுப்பு. மேகாத்து அடிச்சாப் பொக பூராம் பொம்பளையாளுக பந்திக்குத்தான வரும்?"

அவர் சொன்னது சரி, கொட்டகை பந்திக்கு மேற்கே இருந்தது. கொட்டகையை அப்படியே பிடித்து வடக்குப் பக்கம் நகர்த்தினேன், சுவரை மூன்றடி ஏற்றினேன், ஜன்னலை மாற்றினேன். அவர் கண் முன்னால், பேசிக்கொண்டே. மறுபடி ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன்.

"இது போதும். இந்தப் பிள்ளையே வரையட்டும்," என்று எழுந்தார். ஸ்டான்லியைப் பார்த்து அல்ல, திரையைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "காலைல என்னம்மா ஆச்சு?" என்றார்.

வீட்டு விஷயம் வெளியே சொல்லக் கூடாது என்று ஆட்டோவில் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். மெஷினில் ஒரு செட்டிங் மாறிவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் மாறிவிட்டது என்றால் யார் மாற்றியது? மறுபடி என் தலையில்தான் விழும்.

"எங்க வீட்டுக்காரரு மாத்திட்டாரு பாய். வீடு சுத்தம் பண்றேன்னு மெமரிய எடுத்துட்டாரு. எனக்குத் தெரியாது."

கையூம் பாய் வாய்விட்டுச் சிரித்தார். "பெருநாளைக்கு வெள்ளையடிக்கிறேன்னு என் கடைச் சாவியக் குப்பைல போட்ட ஆளுக எங்க வீட்லயும் இருக்காக. பூட்டுக்குப் பேர்போன ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு பூட்டுப் போட மாட்டியாம்மா?"

ஸ்டான்லி மட்டும் சிரிக்கவில்லை. வயரை அவரே கழற்றிக் கொடுத்தார். "காலைல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மேடம்," என்றார்.

"சொல்லியிருக்கக் கூடாதுதான் சார்," என்றேன். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து வயர்களை மாட்டியதும் பூட்டைப் போட்டேன். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு என் பெயரில், புது பாஸ்வேர்டோடு. பெலிக்ஸுக்குச் சாதாரணக் கணக்கு. படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், எந்த செட்டிங்கையும் தொட முடியாது.

சாயங்காலம் அவர் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். ஸ்டான்லியிடம் போனில் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறார், முகத்தில் நிம்மதி.

"அதான் வேல கெடச்சிருச்சுல்ல. இன்னும் என்ன கோவம்?"

"வேல போயிருந்தா அது வேற. நீங்க எடுத்ததக் கூட விட்டுர்றேன். டச் விட்டுப்போச்சுன்னு சொன்னீங்கள்ல, அத நான் நம்பிட்டேன்ங்க. ரெண்டு நாளு என் கையப் பாத்துப் பாத்து நானே அசிங்கப்பட்டேன்."

"சாரி பிரிசி."

"எங்கிட்ட வேணாம். எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுச் சொல்லுங்க."

அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. புரிந்ததும் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, "அன்பியத்துலயா? அங்க போய் எப்படி... ஆளுக என்ன நெனைப்பாக?" என்றார்.

"போன வாரம் என்ன நெனச்சாகளோ, அத இந்த வாரம் உங்களப் பத்தி நெனைப்பாக."

அந்த வாரம் முழுக்க அவரிடம் நான் சாப்பாடு, தண்ணீர், மகள் பள்ளிக்கூடம் தவிர எதையும் பேசவில்லை. பிரியாணியைச் சாப்பிட்டேன். அதை ஏன் வீணாக்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு கூட்டம் எங்கள் வீட்டில். கம்ப்யூட்டருக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். வாசகம் முடிந்தது. மன்றாட்டு வந்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டதற்கு நன்றி சொன்னார்கள், மழைக்காகத் திரும்பவும் கேட்டார்கள். பெலிக்ஸின் முறை.

"கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிற எல்லாக் குடும்பங்களுக்காகவும்..." என்று ஆரம்பித்து முடித்தும்விட்டார். எல்லாரும் பதில் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

"பேரச் சொல்லி மன்றாடுங்க," என்றேன். "போன வாரம் பேரச் சொல்லித்தான மன்றாடினீங்க."

ஜெபத்துக்கு நடுவில் இப்படி யாரும் பேசியதில்லை. இஞ்ஞாசி அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பெலிக்ஸைப் பார்த்தார். பெலிக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் பிரிஸ்கில்லாவோட கைக்காக மன்றாடச் சொன்னேன்," என்றார். எழுத்துத் தமிழில் பேசுகிற ஜெபக் குரல் போய் அவர் சொந்தக் குரல் வந்திருந்தது. "அவ கை நல்லாத்தான் இருந்துச்சு. மெஷினக் கெடுத்தது நான். அது எனக்குச் சனிக்கிழமையே தோணுச்சு. தோணியும் மறச்சேன். அதுக்காக... அதுக்காக மன்றாடுவோம்."

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இஞ்ஞாசி அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவைத்தார். பன்னிரண்டு குடும்பமும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது.

நானும் சொன்னேன். எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.